காளையின் நெற்றிப் பொட்டு

நஞ்சைக் கழுத்தோடு நிறுத்தியவனே, சுடலைச் சாம்பலை மேனியெங்கும் பூசியவனே, ஒரு கையில் நெருப்பையும் மறு கையில் உடுக்கையையும் ஏந்தி, எல்லாம் ஒடுங்குகிற நாளிலும் ஓசை ஒடுங்காமல் ஆடுகிற பெருமானே, சொல்லுகிற நாவுக்கும் கேட்கிற செவிக்கும் நீயே காவலாக நில். சொல்லப்போவது ஒரு கோபத்தின் கதை. சிரித்தே மூன்று ஊர்களை எரித்தவனுக்குத் தெரியாத கோபம் ஏது.

பெங்களூர் அல்சூரில், கோயில் கோபுரத்தின் உச்சி மட்டும் மாடியிலிருந்து தெரிகிற தெருவொன்றில், மாசிலாமணி முதலியார் தம் வீட்டுக் கூடத்து நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தார். எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்த பெர்னார்டு, தான் கொண்டுவந்த பெட்டியைத் திறந்து, அதனுள் இருந்த சுழல்மேடையின் மீது அந்தக் கறுப்புத் தட்டை இரு உள்ளங்கைகளின் ஓரங்களால் ஏந்தி இறக்கினான். சிவாஜி நகரில் பழைய இசைத்தட்டுகளை வாங்கி விற்கிறவன் அவன். ஒரு தட்டை வாங்குவதற்கு முன் இரண்டு பக்கங்களையும் முழுதாகக் கேட்பானாம். தட்டு பேசும்போது தான் பேசமாட்டானாம். வந்தவுடனேயே அப்படிச் சொல்லிவிட்டான். கேட்டுத் தொலையட்டும் என்று முதலியார் நினைத்தார். கேட்கட்டும், விலை சொல்லட்டும், எடுத்துக்கொண்டு போகட்டும். உச்சிப்பொழுதுக்கு முன் மகன் சோமசேகரன் வருவான். வாசலில் நின்று, அந்த ரெக்கார்டு எங்கேப்பா என்பான். வித்துட்டேன் என்று இவர் சொல்வார். நேற்று மாலை அவன் தொலைபேசியில் பேசி வைத்த நொடியிலிருந்து அந்த ஒற்றைச் சொல்லைத்தான் முதலியார் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தார். காலை நீராடும்போதும் அது இருந்தது, நீறு பூசும்போதும் இருந்தது. பதிகம் ஓதும்போது நான்காம் பாட்டின் நடுவில் குறுக்கே வந்து விழுந்து, நாவறிந்த அடியை மறக்கச் செய்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வைத்தது. வித்துட்டேன். எவ்வளவு சிறிய சொல், எவ்வளவு நன்றாகக் கதவை அடைக்கிற சொல். பெர்னார்டு ஊசியை இறக்கினான். முதலில் எண்ணெய் காய்வது போல ஒரு பொரிச்சல். பிறகு கூடம் அதிர்ந்தது.

அதிர்ந்தது என்பது மிகையன்று. பூசை மாடத்துக் கண்ணாடிச் சட்டம் ஒன்று மெல்ல நடுங்கியதை அவர் கண்ணால் கண்டார். முரசு அடிக்கிறவன் தோலையா அடிக்கிறான், யார் மார்பையோ அல்லவா அடிக்கிறான். விமானத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த காது அது. பட்டறையில் சம்மட்டி எந்திரம் இறங்கும்போது அடியின் முழுமையைக் கேட்டே உலோகத்தில் விரிசல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுக்கு இப்போது எரிச்சலூட்டியது இது ஒன்றே: இந்த அடியில் விரிசல் இல்லை. கித்தார் தகடு கிழிப்பதைப்போலக் கிழித்தது, ஆனால் கோணாமல் கிழித்தது. அதற்கு மேலே ஏறி எவனோ ஓர் ஆங்கிலேயன் கத்தினான். என்ன கத்துகிறான் என்று ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டையைச் சுரண்டிக்கொண்டு வருகிற கூச்சல். இதற்காகவா. இந்தக் கூச்சலுக்காகவா சோமசேகரன் தாயின் சிதைக்கு முன்னால் தலைமுடியை மழிக்க மாட்டேன் என்று நின்றான். வெட்டியான் காத்திருக்க, நாவிதர் கத்தியைத் தீட்டிவிட்டுக் காத்திருக்க, உறவுக்கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, ஐம்பதை நெருங்குகிற பிள்ளை தோளில் புரளும் முடியைப் பிடித்துக்கொண்டு, அம்மா எண்ணெய் வச்ச முடிப்பா இது, எடுக்க மாட்டேன் என்றான். எண்ணெய் வச்ச முடி. மேடையில் இதே கூச்சலைப் பாடித் தலையை உலுக்க வேண்டிய முடி என்று சொல்லியிருந்தாலாவது உண்மை பேசினான் என்று விட்டிருக்கலாம். தம்பி மகன்தான் முன்வந்து மழித்துக்கொண்டு கொள்ளி வைத்தான். பெற்ற மகன் பத்தடி தள்ளி நின்றான், அழுதான்கூட. அந்த அழுகையை மன்னிப்பதா, அந்த முடியை மன்னிப்பதா. அம்மா எண்ணெய் வச்ச முடி. அந்த வாக்கியம் வந்தால் போவதில்லை. முள் தைத்த இடத்திலேயே ஆடை மீண்டும் மீண்டும் மாட்டிக்கொள்வது போல அவருடைய நினைவு அங்கேயே போய் மாட்டும். பிய்த்துக்கொண்டு வருவார், மறுபடி மாட்டும்.

தட்டின் உறை அவர் காலடியில் கிடந்தது. கொல்லன் உலைக்கு முன்னால் கரிய காளை ஒன்று படுத்திருக்கிற படம். மூக்கில் சங்கிலி, கண்ணில் தீ, கொம்புகளுக்கு மேலே ஆங்கில எழுத்தில் உலைக்களம் என்று பொருள்படும் பெயர். காளையின் நெற்றியில் மட்டும் அச்சில் இல்லாத ஒன்று உண்டு: சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்த பொட்டு. பெர்னார்டு உறையைக் கண்டதும் முதலில் மகிழ்ந்து, பிறகு அந்தப் பொட்டைக் கண்டு உச்சுக்கொட்டினான். லண்டனில் முதன்முதலில் அச்சான தட்டு ஐயா இது, இந்தியாவுக்கு வந்ததே அபூர்வம், இப்படி ஒரு கறை இல்லையென்றால் கேட்ட விலையைக் கொடுப்பார்கள் என்றான். கறையாம். அந்தக் கறையின் வரலாறு இவனுக்கு என்ன தெரியும். சோமசேகரன் கல்லூரியில் படித்த காலம். ஆயுத பூசை முடிந்து, மறுநாள் காலையில் அவன் அறைக்குள் போன முதலியார், கட்டிலின் மேல் இந்த உறையைக் கண்டார். நந்தியெம்பெருமான் வடிவத்தை எவனோ மிலேச்சன் சங்கிலி பூட்டி வரைந்திருக்கிறான். அதற்குப் பொட்டு வைத்து விளையாடுகிறான் வீட்டுப்பிள்ளை. தெய்வ நிந்தனை. கேள்வி கேட்கவில்லை. கை நீண்டுவிட்டது. கன்னத்தில் விரல்கள் பதிந்தன. அவன் ஒன்றும் சொல்லாமல் நின்றான், அந்தச் சும்மா நிற்றலே திமிராகத் தெரிந்தது. பிறகு ஒரு மாதம் அவன் வீட்டில் பேசவில்லை. அதன்பின் குக் டவுனில் நண்பர்களோடு அறையெடுத்துப் போனவன் போனவன்தான். தாயைப் பார்க்க வருவான், தகப்பன் கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வருவான். தட்டு மட்டும் இந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. எங்கே தங்கியது என்பதே நேற்றுத்தான் தெரிந்தது. அம்மா பீரோவுல, பட்டுப் புடவைக்கு அடியில இருக்கும்பா, எனக்கு அது ஒண்ணு போதும் என்று தொலைபேசியில் அவன் சொன்னான். அவள் கழுத்தில் கிடந்த உருத்திராட்சம் வேண்டாம், ஏடு தேய ஓதிய புத்தகம் வேண்டாம், கூடத்தில் மாட்டிய அவள் படம் வேண்டாம். அது ஒண்ணு போதும். பீரோவைத் திறந்தபோது அந்துருண்டை வாசமும் அவள் வாசமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. கூறைப்புடவைக்கு அடியில் காளை படுத்திருந்தது. அவளே ஒளித்து வைத்திருக்கிறாள். ஒளித்து.

முதல் பக்கம் முடிந்தது. பெர்னார்டு தட்டைப் புரட்டி வைத்து, சொன்ன வாக்குத் தவறாமல் ஒன்றும் பேசாமல், தண்ணீர் மட்டும் சைகையால் கேட்டுக் குடித்தான். இரண்டாம் பக்கம் மெதுவாகத் தொடங்கியது, மெதுவாகத் தொடங்குவதாலேயே அதிகம் அச்சுறுத்தியது. ஒற்றைத் தந்தி ஒன்று அறைக்கு வெளியே யாரோ நடப்பதைப்போல நடந்தது. சில நாட்களாகவே முதலியாருக்கு ஒரு பயம் வருகிறது. எப்போது வரும் என்பதும் அவருக்குத் தெரியும், மனைவி வடிவாம்பாளின் குரலை நினைத்துப் பார்க்க முயலும்போது வரும். முகம் வருகிறது. நடை வருகிறது. இடது கையால் முந்தானையை இழுத்துச் செருகுவது வருகிறது. குரல் வரவில்லை. காபி ஆறுது என்பாளே, எந்தச் சுருதியில் என்பாள்? ஆறுது என்பதில் இறங்குவாளா ஏறுவாளா? இத்தனை ஆண்டுகள் கேட்டது, எந்திரத்தின் நோயைக் கேட்டே சொன்ன காது, மனைவியின் குரலைத் தொலைத்துவிட்டது. திருமணத்தில் ஒலிப்பதிவு இல்லை. கைத்தொலைபேசியில் அவள் பேசியதை யாரும் பிடித்து வைக்கவில்லை. அப்போது அந்த ஆங்கிலேயன் மறுபடி கத்தினான், முதலியாரின் உடம்பெல்லாம் எரிந்தது. எங்கோ ஒரு நாட்டில், அரை நூற்றாண்டுக்கு முன், குடித்துவிட்டோ குடிக்காமலோ எவனோ ஒருவன் போட்ட கூச்சல் ஒரு மூச்சுக்கூடத் தேயாமல் இந்தக் கூடத்துக்குள் நிற்கிறது. அவன் மூச்சை இழுப்பதுகூடக் கேட்கிறது. வடிவாம்பாள் எங்கே? பெருமானே, இது என்ன நீதி. உன்னை ஏசிப் பாடிய அடியார்கள் உண்டு; கண்ணைப் பறித்தாயே, நீயே வாழ்ந்துகொள் என்று உன் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு, அவர்களுக்கெல்லாம் நீ செவிகொடுத்தாய். எனக்கு ஏச்சும் வரவில்லையே. நாற்பது ஆண்டுகள் உன் முன் இனிமையாகவே ஓதி ஓதித் தொண்டை இனிமைக்குப் பழகிவிட்டது. இவன் கத்துகிறானே, எவன் மீதோ, எதன் மீதோ, அடித்தொண்டை கிழிய. அன்றைக்குச் சுடலையில் நான் அப்படி அல்லவா கத்தியிருக்க வேண்டும். கத்தினேனா? நாவிதருக்குத் தட்சணை கொடுத்துவிட்டார்களா என்று கேட்டேன். இந்த நினைவு வந்ததற்காகவும் அவர் கோபப்பட்டார். தம் நெஞ்சுக்கு உரியதை இந்தப் பெட்டி எடுத்துப் பேசுவதா. பாதத்தைப் பார்த்தார்: கட்டைவிரல் தாளத்தின்படி தரையில் தட்டிக்கொண்டிருந்தது. மற்றொரு பாதத்தால் அதை மிதித்து நிறுத்தினார்.

பக்கம் ஓடி முடிந்தது. ஊசி நடுவட்டத்தருகே உரசிக்கொண்டு நின்றது. பெர்னார்டு தட்டை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். பாட்டெல்லாம் சுத்தம் ஐயா, ஒரு கீறல் இல்லை என்றான். பிறகு நடுவிலிருந்த காகித வட்டத்தை மூக்கருகே கொண்டுபோய், இதிலுமா என்று முணுமுணுத்தான். கவரில் வைத்தவர்களே இதிலும் வைத்திருக்கிறார்கள். ஆனால் இது ஒருமுறை வைத்ததில்லை ஐயா என்றான். அவன் நகநுனியால் ஓரத்தை மெல்லத் தூக்கிக் காட்டினான். சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் மறுபடி சந்தனம், மறுபடி குங்குமம். மஞ்சளும் சிவப்புமாக அடுக்கு மேல் அடுக்கு ஏறி, ஒரு சிறு குன்றிமணி அளவுக்குப் புடைத்திருந்தது. "மேல இருக்கிறது புதுசு ஐயா," என்றான் பெர்னார்டு. "போன வருஷம் வச்ச மாதிரி இருக்கு. பையன் வீட்டைவிட்டுப் போய் ரொம்ப நாளாச்சுன்னு சொன்னீங்களே?"

பையன் இந்த வீட்டில் இல்லை. போன ஆண்டு ஆயுத பூசைக்கு இந்த வீட்டில் இரண்டே பேர். ஒருவர் முதலியார். பூசைக்குப் புத்தகங்களை அடுக்குவது வடிவாம்பாளின் வேலை, ஓதுவது அவருடைய வேலை. அந்தப் பங்கீடு மணமான ஆண்டிலேயே ஏற்பட்டது. பெரிய புத்தகம் அடியில், சிறியது மேலே, அவருடைய அளவுகருவிகள் பக்கத்தில், எல்லாவற்றையும் சிவப்புப் பட்டால் மூடிவிடுவாள். மூடியபின் மறுநாள் மறுபூசை வரையில் அதைத் தொடலாகாது, பிரிக்கலாகாது, ஓர் எழுத்தும் படிக்கலாகாது. அவரும் தொட்டதில்லை. பட்டின் மீது பூவைத் தூவி, மணியடித்து, கற்பூரத்தைச் சுற்றி, கண்களில் ஒற்றிக்கொண்டிருக்கிறார். எத்தனை ஆண்டுகள். புத்தகங்களுக்கு அடியில் இந்தக் காளை படுத்திருக்க, இந்தக் கூச்சல் மூச்சடக்கிக் கிடக்க, இதற்கும் சேர்த்து அவரே தீபம் காட்டியிருக்கிறார். தாம் ஓதிய நாவாலேயே இதற்கும் போற்றி சொல்லியிருக்கிறார். வடிவு, என்ன காரியம் செய்தாய். என்னைக் கேலிப்பொருளாக்கிவிட்டாயே. அப்படியானால் அந்த முதல் பொட்டு? காளை நெற்றியில் இருந்த அந்தப் பொட்டு? அவரவர் தொழிற்கருவிக்கெல்லாம் பொட்டு வைக்கிற வீட்டில், பிள்ளை எதைக் கையிலெடுத்தானோ அதற்கு வைத்தவள் நீதானா. நான் அவனை அறைந்தபோது நீ எங்கே இருந்தாய்? அவருக்கு நினைவு வந்தது. அடுப்படி வாசலில், சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஒரு சொல், நான்தான் வைத்தேன் என்ற ஒரு சொல். சொல்லவில்லை. அவனும் அம்மா என்று கை காட்டவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து என்னை மட்டும் வெளியே நிறுத்திவிட்டீர்கள். இத்தனை ஆண்டுகள் ஒரே தட்டில் உண்டு, ஒரே மருத்துவரிடம் போய், ஒரே மாத்திரைப் பெட்டியைப் பகிர்ந்துகொண்டு, இதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாய். இனி யாரைப் போய்த் திட்டுவது. எழுந்து வா, திட்ட வேண்டும். ஒருமுறை எழுந்து வந்து திட்டு வாங்கிக்கொண்டு போ.

பெர்னார்டு இதற்குள் பையிலிருந்து சிறு புட்டியையும் பஞ்சையும் எடுத்துவிட்டான். ஸ்பிரிட்டின் காரநெடி கூடத்தில் பரவியது. கறையை எடுத்தால் மதிப்புக் கூடும், இரண்டு நிமிட வேலை என்று சொல்லிப் பஞ்சை நனைத்தான். சன்னலொளி சாய்வாக விழுந்த அந்தப் புடைப்பின் உச்சியை முதலியார் அப்போதுதான் பார்த்தார். சந்தனம் ஈரமாயிருந்தபோது அவள் மோதிர விரல் அழுந்திய இடம். விரலின் சுழிகள் ஒன்றுக்குள் ஒன்றாக, மிக நுண்ணியவாக, ஒரு கோடும் அழியாமல் காய்ந்து நின்றன. உலோகத்தில் மயிரிழைப் பிழையைக் கண்டுபிடித்த கண் அதை நடுவிலிருந்து ஓரம்வரை சுற்றிச் சுற்றி வந்தது. இதற்கு எங்கே ஊசியை வைப்பது.

"கையை எடு," என்றார் முதலியார்.

பெர்னார்டுக்குப் புரியவில்லை. ஒரு சொட்டுக்கூட எழுத்தில் படாமல் துடைப்பேன் ஐயா என்றான். முதலியார் எழுந்து, அவன் செய்ததைப் போலவே இரு உள்ளங்கைகளின் ஓரங்களால் தட்டை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டார். விற்பதாக இல்லை, நீ வந்த ஆட்டோச் செலவைத் தந்துவிடுகிறேன் என்றார். பெர்னார்டு புட்டியை மூடிக்கொண்டே அவரைக் கூர்ந்து பார்த்தான். எரிச்சலை மறைக்கச் சிரித்தான். "என்ன ஐயா, ரெண்டு பக்கமும் கேட்டதுல பாட்டு பிடிச்சுப்போச்சா?"

"கண்றாவி," என்றார் முதலியார். "கிளம்பு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் படியிறங்கும்போதே சோமசேகரன் வாயிற்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். பெர்னார்டையும் பெட்டியையும் தந்தையின் கையிலிருந்த தட்டையும் மாறி மாறிப் பார்த்து, நடந்திருக்கக்கூடியதைப் புரிந்துகொண்டு, கூடத்தின் நடுவில் முகம் வெளுத்து நின்றான். முடி பாதி நரைத்துப் பின்னால் கட்டியிருந்தது. முதலியார் அவனை உட்காரச் சொல்லவில்லை. தமக்குள் உருட்டி உருட்டி வழுவழுப்பாக்கி வைத்திருந்த சொல்லைத் தேடினார். அது வாயில் இல்லை. அவள் பொட்டு வைத்தது உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார்.

"முதல்லேர்ந்தே தெரியும்பா. ஒவ்வொரு வருஷமும் அம்மா போன் பண்ணும். உன் மாட்டுக்குப் பொட்டு வச்சாச்சுடா, உங்கப்பா கற்பூரமும் காட்டியாச்சுன்னு சொல்லிச் சிரிக்கும்."

சிரிக்கும் என்ற சொல்லில் அவன் குரல் உடைந்தது. முதலியாருக்கு உள்ளே ஏதோ ஒன்று உடையவில்லை, இறுகியது. சிரித்தாளாம். அந்தச் சிரிப்பை இவன் ஆண்டுதோறும் கேட்டிருக்கிறான். காதோடு வைத்துக் கேட்டிருக்கிறான். அடித்த கைக்குக் காட்டிக்கொடுக்காமல் தாயைக் காத்தவன், அதற்குக் கூலியாக அந்தச் சிரிப்பு முழுவதையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். இப்போது விரலையும் கேட்கிறான். எல்லாம் உனக்கே என்றால் எனக்கு என்ன? அவர் தட்டை உறைக்குள் இட்டார். உறையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவன் கை நீட்டவில்லை, ஆனால் கண் நீண்டது. கொடுத்துவிடுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை, அதற்காகவும் அவன்மேல் கோபம் வந்தது.

"தர மாட்டேன்," என்றார். "இது என் பூசையில இருந்த பொருள். நான் கற்பூரம் காட்டின பொருள். இந்த வருஷம் அடுக்க ஆள் இல்ல, பொட்டு வைக்க ஆள் இல்ல. உனக்கு வேணும்னா ஆயுத பூசைக்கு வா. நீ அடுக்கு. அவ வச்சது மேல படாம, பக்கத்துல நீ வை. மறுபூசை முடிஞ்சப்புறம் எடுத்துட்டுப் போ."

சோமசேகரன் தலையை நிமிர்த்தினான். அவன் முகத்தில் வந்தது சிரிப்பா அச்சமா என்று சொல்ல முடியாது. "அன்னிக்கு கோரமங்களாவுல புரோகிராம் இருக்கேப்பா," என்றான் மெதுவாக.

கோபம் மறுபடி அவருடைய உச்சந்தலைவரை ஏறியது. ஏறிய இடத்தில் நின்றது. வெளியே கோயில் மணி உச்சிக்கால பூசைக்கு ஒலித்தது. வழக்கமாக அந்த நேரத்தில் அவர் சன்னிதியில் நிற்பார், இன்று நிற்கவில்லை.

"காலையில வா," என்றார். "சாயங்காலம் போய்க் கத்து."

இதைச் செவியில் ஏற்றவர் எவராயினும், ஆலமுண்ட பெருமான் அவருடைய இல்லத்தைக் காப்பானாக. அவர்கள் வீட்டில் கோபம் வரட்டும், கோபித்துக்கொள்ள ஆளும் உயிரோடு இருக்கட்டும். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயும், அதைக் கேட்க ஒரு காதும், குரல் மறையும் முன்னே கூடி வாய்க்கட்டும்.